சுவிட்ச் அக்கா போடாத கையெழுத்து

எங்கள் தொலைபேசி நிலையத்தில் அவரை எல்லோரும் சுவிட்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஊரின் அழைப்புகளை எல்லாம் இணைத்துவிடும் பெரிய இயந்திரத்துக்கு எங்கள் பேச்சில் சுவிட்ச் என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாக அது அக்காவின் பொறுப்பு. நான் அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் பேட்டரி அறைக்காரன். கரண்ட் போனாலும் நாற்பதாயிரம் தொலைபேசிகள் செத்துப்போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அக்கா விடுப்பில் போனால் சுவிட்ச் அறைச் சாவியும் என்னிடம்தான் வரும். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

அக்காவைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் ஒன்றே ஒன்றுதான் சொல்ல முடியும். அவர் கையெழுத்துப் போட மறுத்த காகிதத்தில் அவருக்கு முந்தின வரிசையில் கையெழுத்துப் போட்டவன் நான். படிக்காமல் போட்டேன். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அக்கா எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டதாகச் சரித்திரமே கிடையாது. கூரியர்காரரை வாசலில் நிற்கவைத்து, சீட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்துவரை படிப்பார். அவருடைய திருமணத்தைப் பதிவு செய்த அன்று படிவம் முழுவதையும் நின்று படித்ததில் பதிவாளருக்கு மதியச் சாப்பாடு தள்ளிப்போனதாம். அக்காவின் கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். இந்தக் கதையை அவர்தான் எல்லோரிடமும் சொல்வார். "அவ்வளவும் படிச்ச பிறகும் போட்டாளே, அதைச் சொல்லுங்க" என்று முடிப்பார்.

பழைய சுவிட்ச் மேல் அக்காவுக்குப் பாசம் எதுவும் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் மேலாளர் அப்படி ஒரு கதை கட்டினார். மழைக்காலத்தில் மக்கர் பண்ணும், வெயில் காலத்தில் சூடேறும், உதிரிபாகம் கேட்டால் ஆறு மாதம் ஆகும். "அது ஒரு சனியன். என்னைக்குத் தொலையுதோ அன்னைக்கு நிம்மதி" என்று அக்காவே சொல்வார். பேச்சை எல்லாம் இன்டர்நெட் வழியாகக் கொண்டுபோகும் புதிய சர்வர் வேண்டும் என்று எங்கள் நிலையத்திலிருந்து முதலில் எழுதியவரும் அவர்தான்.

பழைய காலத்தில் எங்களுடைய பாதுகாப்பு என்பது கதவு. சுவிட்ச் அறைக்கு இரும்புக் கதவு, கதவுக்கு வெளியே ரிஜிஸ்டர், ரிஜிஸ்டருக்குப் பக்கத்தில் காவலாளி. இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க வேண்டுமென்றால் அந்த அறைக்குள் இருக்கும் கணினியின் முன்னால்தான் உட்கார வேண்டும். அதற்கு ஒரு பாஸ்வேர்டு உண்டு. கதவைத் தாண்டி வந்தவன் நம் ஆள்தான் என்பதால் அதை யாரும் பெரிதாக மதித்ததில்லை.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊர் நிலையத்தில் ஒரு குளறுபடி நடந்தது. அங்கே இருந்த ஒரே டெக்னீஷியனைக் குடல்வால் வலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். சுவிட்ச் நின்றுபோயிற்று. பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும், அவரோ மயக்க மருந்தில் இருந்தார். அரை நாள் அந்த ஊரே ஊமையாகக் கிடந்தது. அதற்குப் பிறகு அக்கா தலைமை அலுவலகத்துக்கு ஒரு யோசனை எழுதினார். பதினோரு நிலையங்களுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டால், எங்கிருந்து யார் போனாலும் வேலை பார்க்கலாம். யோசனையைச் சுற்றறிக்கையாகவே அனுப்பினார்கள். அக்காவுக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது.

என்ன சொல் வைப்பது என்ற கேள்வி வந்தபோது, யாரும் மறக்காததாக இருக்கட்டும் என்று எங்கள் வாசலில் படுத்திருந்த நாயின் பெயரை வைத்தார்கள். காவலாளி வளர்த்த நாய். நெற்றியில் வெள்ளையாக ஒரு புள்ளி, அதனால் பொட்டு. பெயருக்குப் பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று. நாய் செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது. சொல் மட்டும் சாகவில்லை.

புதிய சர்வரைப் பொருத்தித்தர ஒரு வெளிநாட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார்கள். ஒப்பந்தத்தில் எங்கள் மேலிடம் ஒரு வரி சேர்த்திருந்தது: இருப்பது அனைத்தையும் இருக்கிறபடியே புதியதற்கு மாற்றித்தர வேண்டும். கம்பெனிக்காரர்களும் ரொம்ப விசுவாசமாக எல்லாவற்றையும் மாற்றினார்கள். சந்தாதாரர்கள் வந்தார்கள், எண்கள் வந்தன, கூடவே பொட்டும் வந்தது. அதோடு, அவர்களுடைய ஆட்கள் தங்கள் நாட்டிலிருந்தே பழுது பார்ப்பதற்காகச் சர்வருக்கு இன்டர்நெட் பக்கமாக ஒரு வழியையும் திறந்துவைத்தார்கள்.

இதையெல்லாம் அக்கா எப்படிக் கண்டுபிடித்தார் என்றால், கம்பெனி கொடுத்த முந்நூற்று நாற்பது பக்கக் கோப்பை ஒரு பக்கம் விடாமல் படித்தார். வேறு ரகசியம் எதுவும் இல்லை. அதே கோப்பின் ஒரு பிரதி என் மேஜையிலும் இருந்தது. அதன்மேல் நான் டீ கிளாஸ் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் அச்செடுத்த நாலைந்து தாள்களோடு அக்கா பேட்டரி அறைக்கு இறங்கி வந்தார்.

"தம்பி, இதைப் பாரு."

"என்னக்கா இது?"

"நம்ம சர்வர் கதவை மூணு நாள்ல எத்தனை தடவை தட்டியிருக்காங்கன்னு அதுவே எழுதி வச்சிருக்கு. அறுபத்தோராயிரம் தடவை."

"யாரு?"

"யாருன்னு தெரிஞ்சா நான் ஏன் உன்கிட்ட வர்றேன்? உலகம் பூரா இருந்து. ஒவ்வொரு வார்த்தையா போட்டுப் போட்டுப் பார்க்கறதுக்குன்னே மெஷின் வச்சிருக்கானுங்க. அதுங்களுக்குத் தூக்கம் கிடையாது."

"திறந்துடுச்சா?"

"இன்னும் இல்ல. அவங்களுக்கு நம்ம நாயைத் தெரியாது."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"நாயைத் தெரிஞ்சவங்க எத்தனை பேருன்னு எண்ணு" என்றார்.

எண்ண ஆரம்பித்தோம். பதினோரு நிலையத்து ஆட்கள், ஓய்வு பெற்றவர்கள், வேலையிலிருந்து நீக்கப்பட்டுக் கறுவிக்கொண்டு போனவர்கள், ஏசி பழுதுபார்க்க வந்தவர்கள், ஒருநாள் மட்டும் வந்துபோன பயிற்சிக்காரர்கள். இருநூறைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டோம்.

"இவ்வளவு பேருக்கும் முன்னாடியே தெரியும். ஆனா அந்த இரும்புக் கதவைத் தாண்டி வரணும். இப்ப அறையே தெருவுல வந்து நிக்குது. நாம என்னடான்னா இன்னும் பழைய கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டுத் திரியறோம்."

"சரிக்கா, இப்போதைக்குக் கையெழுத்தைப் போட்டுடுங்க. அப்புறமா சரி பண்ணிக்கலாம்" என்றேன் நான். இந்த வாக்கியத்தை நான் சொல்லவில்லை என்று எழுதிவிட்டுப் போகலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் சொன்னேன்.

"நீ போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

அக்கா தாள்களை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

எங்கள் மேலாளருக்கு 'இன்னைக்கே சார்' என்று பெயர். எதைக் கொண்டுபோனாலும் "இன்னைக்கே முடிச்சிடுங்க" என்பார், என்ன என்று பார்க்கமாட்டார். சர்வரை ஏற்றுக்கொண்டோம் என்ற படிவத்தில் ஐந்து வரிசை. கட்டிடம், கேபிள், சரக்கறை, மின்சாரம், கடைசியில் சுவிட்ச். நாலு கையெழுத்து வாங்கியாயிற்று. ஐந்தாவதுக்காக அக்காவை அறைக்குக் கூப்பிட்டார். கம்பெனிக்காரரும் உட்கார்ந்திருந்தார். பேட்டரி அளவீடுகளைக் காட்டுவதற்காக நானும் அங்கே நின்றிருந்தேன்.

"பாஸ்வேர்டுதானே? மாத்திக்கலாம்மா. மூணு மாசம் கழிச்சுக் கோரிக்கை கொடுத்தா கம்பெனியில பார்ப்பாங்க" என்றார் மேலாளர்.

"பாஸ்வேர்டு மட்டும் இல்ல சார். தெருப்பக்கம் வச்ச வழியை அடைக்கணும். அவங்க ஆளுங்களுக்குத் தனியா, காவலோட ஒரு வழி கொடுக்கணும். அந்த மூணு மாசமும் ஆம்புலன்ஸ் நம்பர் எது வழியா சார் போகும்?"

"எதுக்கு எப்ப பார்த்தாலும் கெட்டதையே நினைக்கறீங்க?"

"அதுக்குத்தான் சார் எனக்குச் சம்பளம்."

ஒப்பந்தப்படி, படிவத்தில் ஐந்து கையெழுத்தும் விழும்வரை சர்வரில் கம்பெனியைத் தவிர யாரும் எதையும் மாற்றக்கூடாது. அக்கா அப்படியும் ஒருநாள் சொல்லை மாற்றிப் பார்த்தார். மறுநாள் காலையிலேயே கம்பெனி அதைப் பழையபடி ஆக்கி, 'இருந்ததை இருந்தபடியே' என்ற வரியை அடிக்கோடிட்டு ஒரு கண்டிப்புக் கடிதம் அனுப்பியது. செத்த நாயை உயிர்ப்பித்துக் கொண்டுவந்து விட்டார்கள். அக்கா மேலாளருக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றாவதில், ஆபத்தை நேரிலேயே காட்டுகிறேன், அனுமதி கொடுங்கள் என்று கேட்டிருந்தார். எதற்கும் பதில் வரவில்லை. பதிலுக்கு ஒரு பேச்சுதான் வந்தது. எட்டு மணி நேரப் பஸ் பயணத்தில் எங்களுக்கு ஒரு கேபிள் கிடங்கு இருக்கிறது, அங்கே பொறுப்பாளர் இடம் காலி, அக்காவை அங்கே போடலாமா என்று மேலாளர் யோசிக்கிறாராம்.

அக்காவின் மகளுக்கு அது பள்ளிக் கடைசி வருஷம். அது மேலாளருக்கும் நன்றாகத் தெரியும். அன்று சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது நடந்ததை அக்காவே எனக்குச் சொன்னார். கணவர் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே, "பிரேக் பிடிக்காத பஸ்ஸை வெளியில விடச் சொல்லி என்னையும் எத்தனையோ பேர் கேட்டிருக்கான். விட்டிருக்கேனா?" என்றாராம். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், "பரீட்சை எழுதப்போறது நான். நீ பக்கத்துல உட்கார்ந்து என்ன பண்ணப்போறே? ஆனா போகச் சொன்னா உடனே கிளம்பிடாதே, சண்டை போடு" என்றாளாம்.

திறப்பு விழா காலை பதினோரு மணிக்கு. தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் மேடம் வந்திருந்தார். ஊரின் அழைப்புகள் அப்போதும் பழைய சுவிட்சில்தான் ஓடிக்கொண்டிருந்தன. சோதனைக்காக எங்கள் கட்டிடத்துத் தொலைபேசிகளை மட்டும் புதிய சர்வரில் போட்டிருந்தார்கள். மேஜைமேல் ஒரு தொலைபேசி, பக்கத்தில் பூ, அதற்குப் பக்கத்தில் படிவம். மேடம் முதல் அழைப்பாக ஆம்புலன்ஸ் எண்ணைப் போட்டார். "அவசர உதவி மையம், சொல்லுங்க" என்று குரல் கேட்டது. எல்லோரும் கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். மேலாளர் படிவத்தை அக்கா பக்கம் நகர்த்தினார்.

"இன்னைக்கே போட்டுடுங்க" என்றார், சிரித்துக்கொண்டே.

அக்கா பேனாவை எடுத்து, மூடியை மாட்டி, படிவத்தின்மேல் குறுக்காக வைத்தார்.

"என்ன பிரச்சனை?" என்று கேட்டார் மேடம்.

"மேடம், இந்தச் சர்வருக்குள்ள இப்ப யார் வேணும்னாலும் வரலாம். சொன்னா நம்பமாட்டேங்கறாங்க. நீங்க அனுமதி கொடுத்தா அஞ்சு நிமிஷத்துல காட்டறேன்."

"மேடம், நேரமாகுது. இவங்களுக்குப் பழைய மெஷின் மேல பாசம்" என்றார் மேலாளர்.

மேடம் அவரைப் பார்க்கவில்லை. "காட்டுங்க" என்றார்.

அக்கா தன் செல்போனை எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, அடுத்த தெரு ஜெராக்ஸ் கடைக்காரரை அவருடைய செல்லில் கூப்பிட்டார். கடைக்காரர் வேறு யாருமில்லை, எங்கள் பழைய காவலாளிதான். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. கடையில் இரண்டு கணினி வைத்திருக்கிறார்.

"அண்ணே, வேலையா இருக்கீங்களா?"

"ஒருத்தர் சர்டிபிகேட் காப்பிக்கு நிக்கறார். நிக்கட்டும், சொல்லும்மா."

"ஒரு நம்பர் சொல்றேன், இன்டர்நெட்ல அதைப் போடுங்க."

படிவத்தின் முதல் பக்கத்திலேயே சர்வரின் முகவரி அச்சாகியிருந்தது. அக்கா அதை மேடத்துக்குக் காட்டிவிட்டு வாசித்தார். பாஸ்வேர்டு கேட்கிறது என்றார் கடைக்காரர்.

"நம்ம நிலையத்துல வேலை பார்த்தப்போ உங்களுக்குத் தெரிஞ்சதைப் போடுங்க."

"இன்னுமா அதையே வச்சிருக்கீங்க?" என்றார் அவர். தட்டுகிற சத்தம் கேட்டது. "அட, உள்ள விட்டுடுச்சும்மா."

பிறகு எந்த வரியை அழுத்த வேண்டும், எங்கே எதை எழுத வேண்டும் என்று அக்கா நிதானமாகச் சொன்னார். கம்பெனிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். மேலாளர் மட்டும் சிரித்த முகத்தை மாற்ற மறந்து உட்கார்ந்திருந்தார்.

"மேடம், இப்ப அதே நம்பரை இன்னொரு தடவை போடுங்க" என்றார் அக்கா.

மேடம் ஆம்புலன்ஸ் எண்ணைப் போட்டார். இரண்டு முறை மணி அடித்தது.

"ஜெராக்ஸ் கடை. சொல்லுங்க."

"நான் ஆம்புலன்ஸுக்குப் போட்டேன்" என்றார் மேடம்.

"இங்க ஜெராக்ஸ்தாங்க இருக்கு" என்றார் அவர், நிஜமாகவே வருத்தப்பட்டு.

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அக்கா திரும்பிப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அவர் குரல் உயரவில்லை.

"இது நல்ல மனுஷர், கடை பேரைச் சொன்னார். கெட்டவனா இருந்தா 'ஆம்புலன்ஸ்தான், வந்துக்கிட்டே இருக்கோம்'னு சொல்லுவான். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் வாசலைப் பார்த்துக்கிட்டே கிடப்பார். அந்தச் சொல்லை எல்லா நிலையத்துக்கும் பரப்பினது நான்தான் மேடம். அன்னைக்கு அது சரி. இன்னைக்கு அது தப்பு. அதை எடுத்துட்டு, தெருப்பக்கத்து வழியை அடைக்கற வரைக்கும் இதுல என் கையெழுத்து விழாது. என்னை எங்க வேணும்னாலும் தூக்கிப் போட்டுக்கோங்க."

மேடம் ரிப்பன் வெட்டாமலே கிளம்பிப் போனார். வேலை இருபத்து மூன்று நாள் நின்றது. கம்பெனிக்காரர்கள் வந்து பழுதுக்கென்று தனி வழி போட்டு, யார் வந்தாலும் போனாலும் பதிவாகும்படி செய்தார்கள். பதினோரு நிலையத்திலும் ஆளுக்கொரு சொல் வந்தது, அவசரத்துக்கு ஒன்று மட்டும் உறையிட்டுப் பெட்டகத்தில் போயிற்று. புதுப் படிவத்தை அக்கா இரண்டு நாள் படித்தார். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார். ஊர் புதிய சர்வருக்கு மாறியது, யாருக்கும் தெரியாமலே.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன். மறுவாரம் அக்காவுக்கு மெமோ வந்தது. துறையின் ரகசியச் சொல்லை வெளியாளுக்குத் தெரிவித்தது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார் மேலாளர். அக்கா எழுதிய பதில் எங்கள் கட்டிடத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். 'நான் அவருக்கு எதையும் தெரிவிக்கவில்லை. அது அவருடைய நாய்.' அதற்குக் கீழே, 'அந்தப் பெயரை ரகசியச் சொல்லாகப் பரப்பியதற்குத் தண்டனை உண்டென்றால் ஏற்கிறேன். அதற்காகத் துறை எனக்கு அளித்த பாராட்டுக் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.'

மெமோ அதோடு காணாமல் போனது. ஆனால் பத்து நாளில் மாற்றல் உத்தரவு வந்தது. நிர்வாகக் காரணம், கேபிள் கிடங்கு. காரணம் என்ன என்று விளக்கம் எதுவும் இல்லை, எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்கா உத்தரவையும் முழுசாகப் படித்தார். கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது: பொறுப்பை அடுத்தவர் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட பிறகே இவர் விடுவிக்கப்படுவார். அதன் கீழே விரலை வைத்து என்னிடம் காட்டினார்.

அக்காவுக்கு அடுத்தபடியாகச் சுவிட்ச் அறைச் சாவியை வாங்கத் தகுதியுள்ளவன் இந்தக் கட்டிடத்தில் ஒருவன்தான். மேலாளர் என்னைக் கூப்பிட்டார். ஒப்படைப்புப் பட்டியல் மேஜைமேல் இருந்தது, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பேனாவைத் திறந்தே நீட்டினார்.

"உங்களுக்குத் தெரியாததா? வழக்கம்போல இன்னைக்கே போட்டுடுங்க."

வழக்கம்போல என்ற சொல் என்னை எங்கேயோ குத்தியது.

"படிச்சுப் பார்த்துட்டுப் போடறேன் சார்" என்றேன்.

"இதுல படிக்கறதுக்கு என்ன இருக்கு?"

"தெரியல சார். படிச்சாத்தான் தெரியும்."

பட்டியலை எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். அந்த வாரமே பதிமூன்றாம் பக்கத்தில் ஒரு சந்தேகம் வந்தது, எழுத்தில் கேட்டேன். பதில் வந்ததும் பதினாலாம் பக்கத்தில் இன்னொன்று. பேட்டரி சார்ஜரைத் தூரத்திலிருந்து இயக்கும் பெட்டிக்கு இன்னமும் பொட்டுதான் சாவி என்பதை இருபத்தேழாம் பக்கத்தில் நானே கண்டுபிடித்தேன். என் அறையில், என் மூக்குக்குக் கீழே. அதை மாற்றி முடிக்க மூன்று வாரம் ஆனது. சும்மா சாக்குச் சொல்கிறான் என்று இப்போது மேலாளராலும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் தினமும் பத்து மணிக்கு இன்டர்காமில் கேட்கிறார்.

"இன்னும் எத்தனை நாள்?"

"பொடி எழுத்து நிறைய இருக்கு சார்."

அக்கா மாடியில் தன் நாற்காலியில் இருக்கிறார். போன வாரம் அவர் மகள் கடைசிப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டாள். நான் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறேன்.